பல் பதிந்த டப்பா

"மேடம், இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு வயித்தால போகவே மாட்டேங்குது!"

சொன்னவர் டாக்டர் இருதயராஜ். அழாத குறை.

பேராசிரியர் நசீமா கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

இருதயராஜ் இன்னும் சத்தமாகச் சொன்னார். சொன்னது அவர் காதிலேயே விழவில்லை. ஆராய்ச்சி தலைக்கேறினால் அப்படித்தான்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த குழந்தைகள் கிளினிக்கை ஐம்பது வயதில் பூட்டிவிட்டு, தன்னைவிடப் பத்து வயது இளையவரான நசீமாவிடம் மாணவராகச் சேர்ந்தவர் அவர். "பேரன் பேத்தி எடுக்கிற வயசுல பட்டம் கேக்குதா?" என்று வீட்டில் கேலி.

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கும் ரோட்டா வைரஸில் எத்தனை வகை, எந்த வகை எந்த ஊருக்குப் பரவுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. நான்கு அத்தியாயம் எழுதியாகிவிட்டது. ஐந்தாவதற்கு மாதிரி இல்லை. மாதிரி என்றால் மலம்தான். நாசூக்காகச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"ரோட்டாவுக்குச் சொட்டு மருந்து கொடுக்க ஆரம்பிச்சதுலேருந்து வார்டு காத்து வாங்குது, மேடம். மாதிரி கொண்டுவர்ற ஐஸ் பெட்டி கீழேயிருந்து காலியாவே மேலே வருது. ஐந்தாவது அத்தியாயம் இல்லாம பட்டம் இல்லை. நான் எதை எழுதுறது?"

"வர்றதை எழுதுங்க."

"ஒண்ணுமே வரலையே!"

நசீமா கணினியில் அடுத்த பக்கத்துக்குப் போனார்.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது வகை வைரஸைக் கண்டுபிடித்தவர் எல்லோருக்கும் லட்டு வாங்கித் தர வேண்டும். இருதயராஜும் சில தடவை வாங்கித் தந்திருக்கிறார்.

நசீமா மட்டும் "அப்புறம் எடுத்துக்கிறேன்" என்பார். எடுத்துக்கொண்டதே இல்லை. சர்க்கரை வியாதி போலிருக்கிறது என்று இருதயராஜ் நினைத்துக்கொண்டார். டாக்டர் புத்தி.

தொலைபேசி அடித்தது. கீழே குழந்தைகள் வார்டிலிருந்து நர்ஸ் எப்சிபா பேசினார். வயிற்றுப்போக்குடன் ஒரு குழந்தை வந்திருக்கிறதாம்.

"வந்துடுச்சு!" இருதயராஜ் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

நசீமா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு காலி டப்பாவை எடுத்து நீட்டினார்.

"நீங்களே போய் வாங்கிட்டு வாங்க."

"சிஸ்டர் அனுப்பிடுவாங்களே, மேடம்?"

"நீங்க போங்க."

போனார். படிகளில் ஓடினார் என்றே சொல்ல வேண்டும்.

வார்டில் ஒரே ஒரு கட்டிலில்தான் ஆள். ஒரு வயதுப் பையன், கண் குழிந்து துவண்டு கிடந்தான். பக்கத்தில் அவன் அம்மா.

"என்ன, வயித்தால போகுதா?" என்றார் இருதயராஜ், டப்பாவும் கையுமாக.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்கு சார் சிரிக்கிறீங்க?"

இருதயராஜுக்குச் சுருக்கென்றது. தான் சிரித்துக்கொண்டு நிற்பது அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ராத்திரி பூரா போச்சு சார். வர்ற வழியில பஸ்லயும் போச்சு. மாத்தத் துணிகூட இல்ல."

எப்சிபா உப்பு சர்க்கரைக் கரைசலைக் கலக்கிக் கொண்டுவந்தார். "கொடுங்க சிஸ்டர்" என்று இருதயராஜ் கரண்டியை வாங்கிக்கொண்டார். டப்பாவைக் கட்டில் மேல் வைத்தார்.

ஒரு கரண்டி கொடுத்தார். துப்பினான். துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி கொடுத்தார். விழுங்கினான்.

முதலில், எப்போது போகும் என்று காத்திருந்தார். அப்புறம், போகக் கூடாதே என்று காத்திருந்தார். எந்தக் கரண்டியில் மாறினார் என்று அவருக்கே தெரியாது.

மத்தியானத்துக்கு மேல், அவர் மடியில் கிடந்த பையன் அவர் சட்டையை நனைத்தான்.

"மூத்திரம் போயிட்டான்மா! தண்ணி உடம்புல சேந்துடுச்சு!" இருதயராஜ் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டு நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் பையன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். கையில் அகப்பட்ட டப்பாவை எடுத்து, இருந்த நாலு பல்லால் கடித்தான். பிறகு கட்டில் கம்பியில் டொக் டொக்கென்று தட்டினான்.

அம்மா சிரித்தாள். உடனே சங்கடப்பட்டாள்.

"ஐயோ, அதுல பிடிச்சுத் தரணுமா சார்? வந்ததுலேருந்து அவனுக்குப் போகவே இல்லையே."

"வேணாம்மா. கடிக்கட்டும்."

சாயங்காலம், சட்டை காய்ந்தும் காயாமலும், இருதயராஜ் மேலே வந்தார்.

"என்ன வகை?" என்றார் நசீமா. மாதிரி வாங்கி வருகிறவர்களிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி அது.

இருதயராஜ் டப்பாவை மேசைமேல் வைத்தார். காலி. விளிம்பைச் சுற்றிலும் பல் தடம்.

"நின்னுடுச்சு, மேடம்."

பக்கத்தில் இன்னொரு பொட்டலத்தையும் வைத்துப் பிரித்தார். கான்டீன் லட்டு.

நசீமா பல் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு லட்டை எடுத்தார். ஆற அமர முழுவதையும் தின்றார்.

"நின்னுடுச்சுன்னே எழுதுங்க. ஐந்தாவது அத்தியாயம் வந்துடுச்சு போலிருக்கே" என்றபடி இன்னொன்றை எடுத்தார்.