எருக்கு வாங்கிக்கொண்ட நஞ்சு

அந்தக் காலத்தில், செடியும் ஆடும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, எருக்கின் பால் தேனாக இனித்தது. இன்று போய் ஓர் ஆட்டிடம் இதைச் சொன்னால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். அன்று எருக்கு நின்றது பொன்னுருவி வீட்டு வாசலில். விடிந்ததும் ஊர் ஆட்டுக்குட்டிகள் அத்தனையும் வந்து மொய்க்கும். "மெதுவா, மெதுவா! எல்லாருக்கும் இருக்கு" என்று எருக்கு அதட்டும். அதட்டும்போதே அதற்குப் பூரிப்புத் தாங்காது. தன்னைத் தேடி இத்தனை பேர் வருகிறார்களே என்ற பெருமை.

பொன்னுருவியின் புருஷன் வீரணன் கெட்டவன் இல்லை, அவசரக்காரன். குதிரில் இருந்த நெல்லை வண்டு அரிக்கிறதென்று எட்டிக்கொட்டையை இடித்துக் காய்ச்சி நஞ்சு வடித்தான். வண்டு செத்தது. ஒரு கலயம் நஞ்சு மிஞ்சியது. அதைக் கொண்டுபோய் அடுப்படியில் மோர்க் கலயத்துக்குப் பக்கத்திலேயே வைத்தான், மகராசன். இரண்டும் ஒரே சூளையில் வெந்த கலயங்கள். நடை பழகும் மகள் மோர் என்று நினைத்து நஞ்சுக்குள் கைவிடப் போனாள். பொன்னுருவி பாய்ந்து பிடித்துவிட்டாள்.

"இது இனி ஒரு நொடி இந்த வீட்டுல இருக்கக் கூடாது" என்றாள்.

"குளத்துல கொட்டிட்டு வந்துடறேன்" என்று வீரணன் கலயத்தைத் தூக்கினான்.

கரை ஏறுமுன்னே குளத்துக் கெண்டை தலையை நீட்டியது. "அண்ணே, நாங்க எங்க போவோம்? நீங்க குடிக்கிறதும் இந்தத் தண்ணிதானே?"

சரி, புதைக்கலாம் என்று மண்வெட்டியை எடுத்தான். மண்புழு நெளிந்து வந்தது. "என் வீட்டுக் கூரையைப் பிரிச்சா ஊத்துவீங்க? ஒரு மழை பெஞ்சா உங்க கிணத்துக்குத்தான் வரும்."

அடுப்பில் ஊற்றி எரிக்கலாம் என்றான். கூரையில் இருந்த காகம் கத்தியது. "அந்தப் புகையை நானும் உன் மகளும்தான் இழுக்கணும்!"

வீரணன் கலயத்தோடு வாசலில் திருதிருவென்று விழித்தான். காய்ச்சத் தெரிந்தவனுக்குக் கழிக்கத் தெரியவில்லை.

எருக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் காலடியில் குட்டிகள் மேய்ந்துகொண்டிருந்தன. இப்போது வாயைத் திறந்தால் நாளை முதல் இவை வரமாட்டா என்று அதற்குத் தெரியும். ஆனாலும் பேசியது.

"தாயி, அதை எனக்கு ஊத்து. நான் உள்ள வெச்சுக்கிறேன். தண்ணிக்கும் விடமாட்டேன், மண்ணுக்கும் விடமாட்டேன்."

"நீ செத்துப்போவியே!" என்றாள் பொன்னுருவி.

"சாகமாட்டேன். ஆனா இனிமே நான் வாசல்ல நிக்கக் கூடாது. ஊருக்கு வெளிய பொட்டல்ல கொண்டுபோய் நட்டுட்டு ஊத்து. இன்னொரு கலயம் மட்டும் காய்ச்சாதீங்க."

"அப்ப வண்டுக்கு?" என்றான் வீரணன். அந்த நேரத்திலும் அவனுக்கு நெல் நினைப்பு!

கிணற்றடி வேம்புக்குக் கோபம் வந்தது. "இத்தனை நாளா எங்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? என் இலையை நிழல்ல காயவெச்சு நெல்லுக்குள்ள போடு. வண்டு கிட்ட வராது. புள்ள வாயில பட்டா மூஞ்சியைச் சுளிக்கும், அவ்வளவுதான்."

பொன்னுருவி எருக்கைப் பொட்டலில் நட்டு, அழுதுகொண்டே கலயத்தை அதன் வேரில் கவிழ்த்தாள். எருக்கு ஒரு முறை நடுங்கியது. பால் முழுக்கக் கசந்துபோயிற்று.

மறுநாள் காலை குட்டிகள் அதைத் தேடிக்கொண்டு பொட்டலுக்கே வந்துவிட்டன. "போங்க, போங்க! இங்க வராதீங்க" என்று எருக்கு அதட்டி விரட்டியது. அவை போன பிறகு நெடுநேரம் அழுதது.

பிள்ளையாருக்கு விழா வந்தது. பெண்கள் மல்லிகையும் செம்பருத்தியுமாகக் கொண்டுவந்தார்கள். பொன்னுருவி பொட்டலுக்குப் போய் எருக்கம்பூவைப் பறித்து மாலை கட்டி வந்தாள்.

"விஷப்பூவையா சாமிக்குப் போடுறது?" என்று ஒருத்தி முகத்தைச் சுளித்தாள்.

பொன்னுருவி நிமிர்ந்து நின்றாள். "உலகம் பிழைக்கணும்னு நஞ்சை வாங்கித் தொண்டையில வெச்சுக்கிட்டது யாரு? இந்தப் பிள்ளையாரோட அப்பன்தானே? என் எருக்கும் அதைத்தான் செஞ்சிருக்கு. புள்ளைக்கா அது தெரியாது?"

அவளே மாலையைப் பிள்ளையார் கழுத்தில் போட்டாள்.

அன்று முதல்தான் நெல்லுக்குள் வேப்பிலை கிடக்கிறது. ஆடு வாய் வைக்காத எருக்கு ஊர்ப் பொட்டலில் தனியாக நிற்கிறது. சதுர்த்தி வந்தால் மட்டும் ஊரே அதைத் தேடிக்கொண்டு போகிறது.