அம்பலவாணர் பெற்ற கேள்வி விலக்கு

முன்னொரு காலத்தில் தேனாற்றுச் சீமையைப் புவனவீரன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்றா சொன்னேன்? ஆட்டிவைத்தான் என்பதுதான் சரி. காலையில் ஒருவனுக்குப் பல்லக்குக் கொடுப்பான். சாயங்காலம் அவனையே அந்தப் பல்லக்கைத் தூக்க வைப்பான்.

ஒரு நாள் பக்கத்து நாட்டுத் தூதர் சபையில் நின்று ஓலை வாசித்துக்கொண்டிருந்தார். ராஜா அன்று பலாப்பழத்தை ஒரு கை பார்த்திருந்தான். பாதி ஓலையில் மண்டபமே அதிர ஓர் ஏப்பம் கிளம்பியது. தூதர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "யார் அது?" என்றார். ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. அப்போது அம்பலவாணர் என்ற பிரதானி எழுந்து, "மன்னிக்க வேண்டும், அடியேன்தான்" என்று கும்பிட்டார். அரச மானத்தைக் காப்பாற்றிவிட்டாராம்!

தூதர் போனதும் ராஜா பூரித்துப்போனான். "அம்பலவாணரே, இனி உமக்குக் கேள்வி விலக்கு! உம்மை யாரும், எதைப் பற்றியும் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் கசையடி!"

அதற்கப்புறம் மனிதரைப் பிடிக்க முடியுமா? கோயிலில் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனார். சந்தையில் பிடித்ததை எடுத்துக்கொண்டு நடந்தார். கடைசியில் பெரிய ஏரியின் மதகையே அடைத்துவிட்டார். அவருடைய புதுப் படகு தரை தட்டாமல் மிதக்க வேண்டுமாம். கீழே வயலெல்லாம் நெல் பால் பிடிக்கிற சமயம். மண் பாளம் பாளமாக வெடித்தது. இந்த வெள்ளாமை போனால் ஊர் முழுக்க அடுப்பில் பூனை தூங்க வேண்டியதுதான்.

அந்த ஊரில் பேச்சி என்று ஒருத்தி. துண்டு வயலும், பேருக்கேற்ற வாயும்தான் அவள் சொத்து. நேரே சபைக்கு வந்துவிட்டாள்.

"மகாராசா, ஏரி மதகை அடைச்சுட்டாக. பயிரு காயுது."

அம்பலவாணர் மீசையை முறுக்கினார். "ஏன் அடைத்தேன் என்று கேளேன், பார்க்கலாம். கசை காத்திருக்கிறது."

பேச்சி அவர் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போனது இங்கேதான். "மகாராசா, உங்களைக் கேக்கலாமில்ல? இவரை எந்தக் கேள்வியுமே கேக்கக் கூடாதா?"

"எந்தக் கேள்வியும்!"

"யாருமேவா?"

"யாருமே!"

"அப்ப அதை முரசறைஞ்சு ஊருக்கெல்லாம் சொல்லிருங்க. தெரியாம யாராச்சும் கேட்டுத் தொலைச்சிரப் போறாக."

அம்பலவாணருக்கு உச்சி குளிர்ந்தது. முரசு தெருத்தெருவாக முழங்கியது. அதன் பின்னாலேயே பேச்சியும் வீடு வீடாகப் போய், "சட்டத்தை அச்சரம் பிசகாம நடத்தணும்" என்று சொல்லிவைத்தாள்.

மறுநாள் சவரம் செய்ய வந்த நாவிதர், மீசையை ஒதுக்கவா விடவா என்று கேட்கவில்லை. ஒரே இழுப்பில் வழித்துவிட்டார். அம்பலவாணர் அலறியபோது, "கேட்டா அடி விழுமே சாமி" என்றார். கோயிலில் குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்கவில்லை. கோயில் யானை பேருக்கு அர்ச்சனை செய்து தட்டை நீட்டினார். பசியோடு வீட்டுக்கு வந்தால் அடுப்பே மூட்டவில்லை.

"சோறு எங்கே?" என்று கத்தினார்.

"என்ன சமைக்கட்டும்னு நான் கேக்கணுமே. கசையடி வாங்க என் முதுகு ஒண்ணும் இரும்பில்ல" என்று வெற்றிலையை மடித்தாள் மனைவி மங்களம்.

பட்டினியில் வயிறு பிசைந்தது. எங்கே வலிக்கிறது என்று கேட்க முடியாத வைத்தியர், முழங்காலில் பற்றுப் போட்டு அனுப்பினார். இதையெல்லாம் அவர் தாங்கியிருப்பார். தெருவில் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. நம் ஜனங்களுக்குப் பிரியம் வந்தால் கேள்வியாகத்தான் வரும். எங்கே கிளம்பிட்டீங்க, சாப்பிட்டாச்சா, பிள்ளைகள் சௌக்கியமா? ஒன்றையும் கேட்காமல் எல்லாரும் அவரைத் தாண்டிப் போனார்கள்.

அம்பலவாணர் சபைக்கு ஓடினார். பேச்சி அங்கே முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். ராஜா அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல், "என்னய்யா கோலம் இது? மீசை எங்கே?" என்றான்.

"மகாராசா கேள்வி கேட்டுட்டாக! கசையைக் கொண்டாங்க!" என்று கூவினாள் பேச்சி.

ராஜா சிங்காசனத்தை விட்டு எழுந்தான். "யாரைப் பார்த்து என்ன பேசுகிறாய்?"

"யாருமேன்னு சொன்னது உங்க வாயிதான். கேக்க முடியாத ஆளு உங்களுக்கும் மேல உக்காந்துட்டாரு. இன்னிக்கு எங்க மதகை அடைச்சாரு. நாளைக்கு உங்க கோட்டைக் கதவை அடைச்சா, ஏன்னு எப்படிக் கேப்பீக?"

சேவகன் கசையையும் ராஜாவையும் மாறி மாறிப் பார்த்தான். அம்பலவாணர் தடாலென்று தரையில் விழுந்தார். "விலக்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்! யாராவது என்னை ஏதாவது கேளுங்களேன்!"

"விலக்கு ரத்து!" என்றான் ராஜா அவசரமாக.

பேச்சி ஒரு நொடி தாமதிக்கவில்லை. "மதகை ஏன்யா அடைச்சீரு?"

"படகு..." என்று ஆரம்பித்தவர், சபையே தன்னைப் பார்ப்பதைக் கண்டு தலையைத் தொங்கப்போட்டார்.

"நீரே தண்ணீரில் இறங்கித் திறந்துவிட்டு வாரும்" என்று ராஜா அவரை விரட்டினான். பிறகு பேச்சியிடம், "பெண்ணே, உன் புத்தியை மெச்சினேன். அந்தத் தண்ணீரை உங்கள் ஊருக்குச் சலுகையாகத் தந்தேன்" என்றான்.

பேச்சி கும்பிடவில்லை. "சலுகை வேண்டாம் மகாராசா. சலுகைன்னா உங்களுக்குச் சிரிப்பு வந்தாத் தொறப்பீக, கோவம் வந்தா மூடுவீக. அந்த ஏரி எங்க பாட்டன் பூட்டன் மண்ணு சுமந்து வெட்டுனது. தண்ணி எங்க உரிமை. அப்படிச் சொல்லித் தொறங்க."

ராஜா அவளை முறைத்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. கடைசியில் முரசுக்காரனைக் கூப்பிட்டான். "ஏரித் தண்ணீர் ஊராரின் உரிமை. அதை மறிப்பவர் எவராயினும் அவரை ஊரார் கேள்வி கேட்கலாம் என்று அறை."

முரசுக்காரன் கோலை எடுத்தான்.

"கொஞ்சம் நில்லுய்யா" என்றாள் பேச்சி. "ராசாவா இருந்தாலும்னு சேத்து அறையச் சொல்லுங்க."

ராஜா பல்லைக் கடித்தான். பிறகு, "சேர்த்தே அறை" என்றான்.