இரண்டாம் தடவை போட்ட குப்பி

"உங்க வார்த்தை வேலை செய்யலைம்மா," என்றார் கோதண்டபாணி.

பொற்கொடி அம்மா அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு வயது முப்பத்தாறு. கோதண்டபாணிக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ஏற்காட்டு மலையில் இருக்கிற அந்தச் சின்ன ஆசிரமத்தில் இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. குரு என்றால் அம்மா. அவ்வளவுதான்.

"எந்த வார்த்தை?"

"எல்லாமே. சேலத்துல அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் போனதிலேர்ந்து அவ அழவும் இல்லை, பேசவும் இல்லை. ஜன்னலையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா. நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். இலை விழுந்தா மரம் அழறதில்லைன்னு. ஒரு எழுத்து மாத்தலை."

"அவங்க?"

"எந்திரிச்சுப் போய் ரூமைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டா."

"நீங்க?"

"கதவுக்கு வெளியிலே நின்னு சொன்னேன். உங்க ஆத்துத் தண்ணி கதை, உடைஞ்ச கண்ணாடி கதை, யானை கதை. சாயங்காலம் வரைக்கும் சொன்னேன்."

"யானை கதையுமா?"

"ஆமாம்மா."

அம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

"நாளைக்குக் காரியம்," என்றார் கோதண்டபாணி. "அது முடிஞ்சதும் மகள் அவளை மஸ்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவா. திரும்பி வர மாட்டா. கூடப்பிறந்தவன்னு எனக்கு அவ ஒருத்திதான். இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே போயிட்டான்னா..."

 அம்மாவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"வேற வார்த்தை கொடுங்கம்மா. கொஞ்சம் பலமா."

"முதல்ல ஒரு காபி போடுங்க."

அடுப்படி மேடையில் ஒரு காபி மெஷின் இருந்தது. பெங்களூரு பக்தர் ஒருவர் வாங்கிக் கொடுத்தது. அதற்கென்று குட்டிக் குட்டிக் குப்பிகள் வரும். ஐஸ்கிரீம் கப்பைப் பாதியாகச் சுருக்கின மாதிரி இருக்கும். உள்ளே ஒரு காபிக்கான தூள். வாயில் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். மெஷினில் வைத்து அழுத்தினால் ஊசி தாளைக் குத்தும், வெந்நீர் இறங்கும், டிகாஷன் வரும். அப்புறம் குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

"குப்பி தீர்ந்துபோச்சேம்மா."

"கூடையிலே கிடக்கே."

"அது போட்டது."

"மேலே காபி பேர் அப்படியேதானே எழுதியிருக்கு?"

குருவிடம் என்ன வாதாடுவது. கோதண்டபாணி குப்பைக்கூடையிலிருந்து ஒரு குப்பியை எடுத்துத் துடைத்து மெஷினில் வைத்தார். மெஷின் எப்போதும் போல முனகியது. எப்போதும் போலப் பச்சை விளக்கு எரிந்தது. டம்ளரில் என்னவோ விழுந்தது.

அம்மா டம்ளரை அவர் பக்கமே தள்ளினார்.

"குடிங்க."

குடித்தார். முகம் கோணியது.

"கழுநீர்."

"நான் காபி கேட்டேன்."

"உள்ளே தூள் செத்துப்போச்சேம்மா. நான் என்ன பண்றது?"

"வீட்டிலே தூளே இல்லையா?"

இருந்தது. ஆசிரமத்துக்குப் பின்னால் நாலைந்து காபிச் செடிகள் நின்றன. காய்த்ததைக் காய வைத்து, வறுத்து, கோதண்டபாணியே கையால் அரைத்து டப்பாவில் போட்டு வைத்திருந்தார். மெஷின் வந்த பிறகு அந்த டப்பாவை யாரும் திறக்கவில்லை.

அவர் குப்பியின் தாளைக் கிழித்தார். பழைய சக்கையைச் சுரண்டிக் கொட்டினார். கழுவினார். துடைத்தார். தன் தூளை அள்ளிப் போட்டார்.

இங்கேதான் கை தன் புத்தியைக் காட்டியது. ஃபில்டரில் தூளைப் போட்டு, குடைத் தட்டை வைத்து இறுக்கி இறுக்கி அழுத்திப் பழகிய கை. கரண்டியின் முதுகால் அழுத்தினார். இடம் கிடைத்தது. இன்னும் போட்டார். இன்னும் அழுத்தினார். இட்லிப் பானைக்குப் போடுகிற துணி மாதிரி மேலே புதிதாக ஒரு அலுமினியத் தாளை இழுத்துக் கட்டி மெஷினில் வைத்தார்.

மெஷின் முனகவில்லை. உறுமியது.

டம்ளரில் மூன்று சொட்டு விழுந்தது. அப்புறம் தாள் பிய்த்துக்கொண்டு, சேறு மாதிரி காபி சுவரில் அடித்தது. மிச்சம் அவர் வெள்ளைச் சட்டையில்.

சத்தம் கேட்டு, தோட்ட வேலை செய்துகொண்டிருந்த இன்னொரு சீடர் வேலாயுதம் எட்டிப் பார்த்தார்.

"சுவத்துக்குக் காபி கொடுத்தீங்களா சார்? சர்க்கரை போதுமாமா?"

"போய்யா வேலையைப் பார்த்துட்டு."

அம்மா கேட்டார், "எவ்வளவு போட்டீங்க?"

"கொள்ற மட்டும்."

"தண்ணி எந்த வழியாப் போகும்?"

கோதண்டபாணி ஈரத்துணியை எடுத்தார். சுவரைத் துடைத்தார். இன்னொரு குப்பியைக் கழுவினார். இந்தத் தடவை விளிம்புக்குக் கீழேயே நிறுத்தினார். கரண்டியை எடுக்கப் போன கையை மடக்கிக்கொண்டார். குப்பியை மேடையில் ஒரே ஒரு முறை தட்டினார். தாள். மெஷின்.

டிகாஷன் நூலாக இறங்கியது.

பால் விட்டுக் கொடுத்தார். அம்மா ஒரு வாய் குடித்தார்.

"கம்பெனி காபி மாதிரி இல்லைம்மா. லேசாப் புகை வாசனை அடிக்கும். நான் கொஞ்சம் கருக்கிட்டேன்."

"ஆமா, கருகியிருக்கு," என்றார் அம்மா. கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"அந்த வார்த்தை..."

"பஸ் போயிடும் சார்."

அம்மா மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

கோதண்டபாணிக்குக் கோபம் வந்தது. எரிச்சலோடுதான் பஸ் ஏறினார். மலை இறங்கும்போது வளைவுக்கு ஒரு கதையாக எடுத்துப் பார்த்தார். இலை. ஆறு. கண்ணாடி. யானை. எடுத்து எடுத்து வைத்துவிட்டார். அடிவாரம் வந்தபோது கையில் ஒன்றும் இல்லை.

அக்கா வீட்டுக் கூடத்தில் பெரிய பெட்டிகள் இரண்டு வாயைப் பிளந்து கிடந்தன. அக்கா மகள் ஹேமலதா புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து வந்து வழியை மறித்தாள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. உபதேசம் வேண்டாம். நீங்க போனப்புறம் அம்மா சாப்பாட்டையே ஒதுக்கிட்டாங்க."

"இல்லைம்மா."

"யானை கதை?"

"இல்லை."

அறைக் கதவு சாத்தியிருந்தது. போய் நின்றார்.

"அக்கா."

கதவில் கையை வைத்தார்.

என்ன சொல்வது என்று அவருக்கே தெரியாது. வாய்தான் திறந்தது.

"மச்சான் கேரம்ல அழுகுணி ஆட்டம் ஆடுவாருக்கா. ரெட் காயை முழங்கையாலே குழிக்குள்ள தள்ளிட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி மீசையைத் தடவிக்குவாரு."

இன்னும் நாலு விஷயம் தொண்டை வரைக்கும் வந்தது. விட்டுவிட்டார்.

ஹேமலதா புடவையை மடிக்காமல் நின்றாள். தெருவில் எவனோ ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

தாழ்ப்பாள் நகர்ந்தது.

அக்கா கதவைத் திறந்தாள். தலை கலைந்திருந்தது. தம்பியின் முகத்தை, அதில் வழிந்துகொண்டிருந்த கண்ணீரைப் பார்த்தாள். அவளுடைய உதடு நடுங்கியது.

"அவரு இல்லைடா," என்றாள். "நீதான் அழுகுணி."