ஒரு நகக்கனம்

கற்றுக்கொள்ள வந்தவருக்கு அறுபத்து நான்கு வயது. கற்றுக்கொடுக்க வேண்டியவருக்கு முப்பத்திரண்டு.

வந்தவர் செங்காளியப்பன். உடுமலையில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிப் புதுக் காயில் கட்டுகிறவர். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகியவர். கடையில் இருந்தவர் ரெஜினா. ஐ.டி.ஐ.யில் ஐந்து வருடம் பாடம் எடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டவர். வேலையை விட்ட பிறகும் தெரு அவரை டீச்சர் என்றே கூப்பிட்டது.

செங்காளியப்பன் ஓர் அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டரும், அதற்குக் கரண்ட் கொடுக்கிற அடாப்டரும். தட்டுகிற பலகைக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் அடக்கம். டி.வி.யில் சொருகித்தான் பார்க்க வேண்டும்.

டீச்சர் அதைக் கையில் எடுத்து, குழந்தையைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

"நீ பண்ண வேண்டாம் அம்மிணி. எனக்குச் சொல்லிக் குடு. நான் பண்ணோணும்."

"ஏனுங்க?"

"இதைக் கெடுத்தது யாருன்னு எங்கையாலயே கண்டுபிடிக்கோணும்."

டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். செங்காளியப்பன் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

முப்பத்தாறு வருடத்துக்கு முந்திய கதை. அண்ணன் நாச்சிமுத்து மில் ஆபீசில் வேலை பார்த்தார். படித்தவர். சிங்கப்பூரிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவர் மூலமாக இதை வாங்கினார். ஒரு பொங்கலன்று சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தபோது, நடு வீட்டில் வைத்து ஒவ்வொருவர் பெயராகத் தட்டினார். தட்டத் தட்ட டி.வி.யில் பெயர் வந்தது. சேதி வாசிக்கிற டி.வி.யில் தன் பெயரைப் பார்த்துவிட்டு அத்தை ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கடைசியாகத் தம்பி செங்காளியப்பனின் முறை வந்தது. காலையில்தான் ஒரு மோட்டாரை முடித்துவிட்டு வந்திருந்தார். கையெல்லாம் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ்.

"கையைக் கழுவிட்டு வாடா" என்றார் அண்ணன்.

வார்னிஷ் அவ்வளவு லேசில் போகாது. கிணற்றடியில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவதற்குள் பந்தி போட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்தியாகிவிட்டது.

மறுநாள் அண்ணன் வெளியே போயிருந்தபோது தம்பியே துணியை விலக்கி, சுவிட்சைப் போட்டார். டி.வி. கறுப்பாகவே இருந்தது. திரும்பத் திரும்பப் போட்டும் கறுப்புதான். அண்ணன் மாமனார் வீட்டு ஆட்களோடு உள்ளே வந்தார். பார்த்தார். அவர்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்:

"மோட்டார் சுத்தற கையை இதுல வெச்சா இப்படித்தான்."

அவர்கள் சிரித்தார்கள்.

அன்றைக்கு இறங்கிய படியைச் செங்காளியப்பன் பிறகு ஏறவில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. பேரன் காதுகுத்துக்குப் போகவில்லை. போன ஆடியில் அண்ணன் செத்தபோது சுடுகாட்டுக்கு மட்டும் போய், ஒரு ஓரமாக நின்றுவிட்டு வந்தார். காரியம் முடிந்ததும் அண்ணி இந்தப் பெட்டியைக் கொடுத்தனுப்பினாள். தம்பியிடம் சேர்த்துவிடு என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனாராம்.

"கெடுத்தவனே வெச்சுட்டு அழுகட்டும்னு அனுப்பியிருக்கறான். செத்தும் குத்தறான் பாரு" என்றார் செங்காளியப்பன். "வர்ற ஆடியில வருசத் தெவசம். அத்தனை பேரும் வருவாங்க. அதே நடு வீட்டுல வெச்சு, இது என்னோட கையால கெடலைன்னு காட்டோணும்."

"யாருமே கெடுக்கலைன்னா?"

"அதெப்படி அம்மிணி? மோட்டார் தானாக் கெடாது. தண்ணி இல்லாம ஓட்டியிருப்பான். இல்லாட்டி மூணு பேஸ் கரண்டுல ஒண்ணு போனது தெரியாம ஓட்டியிருப்பான். நாப்பது வருசமாப் பார்க்கறேன். ஆள் இல்லாம ஒரு காயில் எரிஞ்சதில்லை."

நாளைக்கு வரும்போது உங்கள் சீரிஸ் பல்பு போர்டை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார் டீச்சர்.

மோட்டார்க் கடைக்காரர் எல்லாரிடமும் அந்தப் பலகை இருக்கும். ஒரு குண்டு பல்பு, ஒரு சாக்கெட். கரண்ட் பல்பு வழியாகத்தான் சாமானுக்குப் போகும். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், சாமான் தப்பிக்கும்.

இத்தனூண்டு அடாப்டருக்கு இது எதற்கு என்று கேட்டார் செங்காளியப்பன்.

"முப்பத்தாறு வருசம் பட்டினி கெடந்தவனுக்கு எடுத்ததும் விருந்து வெப்பீங்களா?"

"கஞ்சி ஊத்துவேன்."

"ஊத்துங்க."

சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் எரிந்து, மெல்ல மங்கி, கம்பி மட்டும் செவசெவவென்று நின்றது. அப்படியே ஒரு மணி நேரம். மறுநாளும் ஒரு மணி நேரம். அதற்கு மறுநாளும். ஒன்றும் செய்யாமல் ஒரு பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது செங்காளியப்பனுக்குப் பழக்கமில்லை. இரண்டு முறை எழுந்து போகப் பார்த்தார். போகவில்லை.

நான்காம் நாள் மீட்டர் வைத்துப் பார்த்தார். அடாப்டரில் குற்றமில்லை.

"அப்ப அடாப்டர் இல்லை. உள்ளதான் யாரோ கை வெச்சிருக்கறான்" என்றார், ஒரு திருட்டைத் துப்புத் துலக்குகிறவர்போல.

மூடியைக் கழற்றினார்கள். உள்ளே பச்சைப் பலகை. அதன்மேல் கறுப்புப் பூரான்கள்போல வரிசையாகச் சிப்புகள், ஒவ்வொன்றும் கால்களைச் சாக்கெட்டில் ஊன்றிக்கொண்டு. செங்காளியப்பன் குனிந்து, மூலைக்கு மூலை மூக்கை வைத்து இழுத்தார். எரிந்த காயில் இருந்தால் அவருக்கு வாசலிலேயே தெரிந்துவிடும்.

"மோப்பம் புடிச்சாச்சுங்களா?"

"தூசி வாடைதான் அம்மிணி. எரிஞ்ச வாடையே இல்லை."

கடையில் கிடந்த பெட்டி டி.வி. ஒன்றில் இணைத்துப் போட்டார்கள். கறுப்பு. செங்காளியப்பனின் கை தானாகப் பின்னுக்குப் போனது. அந்தக் கறுப்பை அவருக்குத் தெரியும்.

டீச்சர் பிளக்கைப் பிடுங்கினார். "தொடாதீங்க. பாருங்க" என்றார்.

"எதைப் பார்க்கறது?"

"பாருங்க."

இரண்டு நாள் பார்த்தார். டீச்சர் பாட்டுக்கு வேறு வேலை செய்துகொண்டிருந்தார். மூன்றாம் நாள் செங்காளியப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முகத்தைப் பலகையோடு சமமாக வைத்துப் பார்த்தார். மோட்டாருக்குள் ஆயிரம் சுற்றில் ஓர் இழை தூக்கிக்கொண்டு நின்றாலும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. இங்கேயும் தப்பவில்லை.

நடுவில் இருந்த ஒரு சிப்பின் ஒரு தலைமாடு மட்டும் மேலே எழும்பியிருந்தது. ஒரு நகக்கனம்.

"இதை யாரோ நெம்பியிருக்கறாங்க."

"இல்லீங்க."

"பின்ன எப்படித் தூக்கிட்டு நிக்குது?"

"போட்டாச் சூடாகும். நிறுத்துனா ஆறும். சூட்டுக்கு நீளும், ஆறுனாச் சுருங்கும். ஒவ்வொரு வாட்டியும் முடியளவு மேல வரும்."

"தூக்கினது யாரு?"

"யாரும் தூக்கலீங்க."

செங்காளியப்பன் நம்பவில்லை. அண்ணன் திறந்து பார்த்திருப்பானோ, அந்தச் சிநேகிதன் நெம்பியிருப்பானோ என்று ஒவ்வொருவராகக் கேட்டார். டீச்சர் மூடியின் திருகாணிகளைக் காட்டினார். சில நாள் முன்பு செங்காளியப்பனே கழற்றியவை. தலையில் ஒரு கீறல் இல்லை. கம்பெனியில் முடுக்கிய பிறகு யாரும் தொடவில்லை.

செங்காளியப்பன் திருகாணியை உள்ளங்கையில் வைத்து, அதன் தலையை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"பொங்கலன்னிக்குக் காலையெல்லாம் ஓடுச்சு" என்றார் மெதுவாக. "ராத்திரி தை மாசக் குளுரு."

டீச்சர் தலையை ஆட்டினார். சிப்பைப் பூப்போல எடுத்துக் கையில் கொடுத்தார். கூடவே ஒரு பென்சில் ரப்பர். ஒவ்வொரு காலாகத் தேய்க்கச் சொன்னார். இருபத்தெட்டுக் கால். கறுத்திருந்தவை ஒவ்வொன்றாக வெள்ளி நிறத்துக்கு வந்தன. பிறகு டீச்சரே அதைச் சாக்கெட்டில் பொருத்தி நிறுத்தினார்.

"கட்டைவிரலை வெச்சு அழுத்துங்க."

செங்காளியப்பன் எழுந்தார். "இரு அம்மிணி, கையைக் கழுவிட்டு வந்தர்றேன்."

"அந்தக் கையே போதுமுங்க."

நின்றவர் நின்றபடியே தன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் வார்னிஷ் இருந்தது. எந்த நாளும் இருப்பதுதான். உட்கார்ந்தார். கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

'டக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

"போடுங்க."

டி.வி.யில் முதலில் ஸ்டேஷன் கிடைக்காததுபோல் புள்ளிப் பொறி பறந்தது. டீச்சர் டி.வி.யின் சேனல் திருகைத் திருகினார். பொறி அடங்கியது. கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, ஒரு வெள்ளைச் சுவர் எழுந்தது. அதன் மூலையில் ஒரே ஒரு கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது. நின்றது, மறைந்தது. நின்றது, மறைந்தது.

செங்காளியப்பன் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

அது யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. அந்தப் பொங்கலன்று காலையில் எப்படி மினுக்கியதோ அப்படியே மினுக்கியது. அண்ணனுக்குத் தலை நரைத்து, பல் விழுந்து, சாம்பலாகவும் ஆகியாயிற்று. இந்தக் கம்ப்யூட்டருக்கோ இடையில் ஒன்றுமே நடக்கவில்லை.

"டீச்சர்" என்றார்.

"தட்டுங்க."

இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்தது தன் கடைப் பலகையில் எழுதியிருந்த எழுத்துகள் மட்டும். அவற்றை மனதில் ஓட்டிக்கொண்டு, ஒவ்வொரு கட்டையாகத் தேடித் தேடித் தட்டினார். தப்பாக விழுந்த ஓர் எழுத்தை டீச்சர் திருத்திக் கொடுத்தார். கடைசி எழுத்தும் விழுந்தது. வெள்ளைச் சுவரில் அவர் பெயர் நின்றது.

வாயால் ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார்.

"அன்னிக்கே ஒரு அழுத்து அழுத்தியிருந்தா?"

"அன்னிக்கே எந்திரிச்சிருக்குமுங்க."

செங்காளியப்பன் வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. திரும்பி, இன்னொருமுறை முதலிலிருந்து பார்க்கலாம் என்று நிறுத்திப் போட்டார். வெள்ளைச் சுவர் வந்தது. கட்டம் மினுக்கியது. பெயரைக் காணோம்.

பதறிப்போனார். மறுபடி தான் கெடுத்துவிட்டோமோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஒண்ணும் ஆகலீங்க" என்றார் டீச்சர். "இதுக்குள்ள ரெண்டு இடம் இருக்குது. பொறக்கறப்ப எழுதிக் குடுத்தது ஒரு இடத்துல. அது எத்தனை வருசம் ஆனாலும் இருக்கும். பொறவு நாம தட்டறது இன்னொரு இடத்துல. அது கரண்ட் ஓடற வரைக்கும்தான்."

"அப்ப எங்கண்ணனை இதுக்குத் தெரியாது."

"தெரியாதுங்க."

"அன்னிக்கு அவன் பேசுனதும்."

"தெரியாதுங்க."

"வருசத் தெவசத்துக்கு இதைக் கொண்டுபோய் நடு வீட்டுல வெச்சு என்னத்தைச் சொல்லறது? யாரும் கெடுக்கலைன்னா?"

செங்காளியப்பன் மினுக்கும் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனிடம் கேட்பதுபோல் கேட்டார்:

"எனக்கு மட்டும் ஒரு எழுத்து அழியலையே டீச்சர். முப்பத்தாறு வருசம்."

டீச்சர் பிளக்கைப் பிடுங்கினார். வயரை நிதானமாகச் சுருட்டி அவர் கையில் வைத்தார்.

"நீங்க ஒருநாளும் சுவிட்சை நிறுத்தலீங்களே."