பாசியை விட்டுத் தள்ளி

டாக்டர் பூரணியையும் அமலோற்பவத்தையும் குரு, சிஷ்யை என்று சொன்னால் தூத்துக்குடியில் சிரிப்பார்கள். இருவருக்கும் வயது நாற்பத்தெட்டு. பூரணி கடல் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி. அமலி அங்கே கண்ணாடிக் குப்பி கழுவ வந்து, கேள்வி கேட்டுக் கேட்டே பட்டம் வாங்கியவள்.

கேள்வி கேட்டால் எரிந்துவிழுகிற வாத்தியார்கள்தான் உலகத்தில் அதிகம். பூரணியும் எரிந்துதான் விழுவார். ஆனால் பதிலைச் சொல்லிவிட்டு விழுவார்.

மூன்று வருடமாகப் பூரணிக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. வெளியே ஒருவருக்கும் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் அமலி பார்ப்பாள். பார்த்ததற்கு என்ன அர்த்தம் என்று பூரணி சொல்வார். அப்படியே வண்டி ஓடியது.

இப்போது கோவா ஆய்வுக்கூடத்திலிருந்து அமலிக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது. சொந்தப் பெயரில் முதல் வேலை. சாயங்காலத்துக்குள் பதில் எழுத வேண்டும். காலையிலிருந்து அவள் ஒரு வரிகூட எழுதவில்லை.

கடைசியில், "மேடம், நான் போயிட்டா நீங்க..." என்றாள்.

"பாதிக் கேள்விக்கு நான் பதில் சொல்றதில்ல. பாடத்துல இருந்து ஏதாவது கேளு."

பாடம் ஒன்றுதான். கடலில் மிதக்கும் துளிப் பாசி, அதற்குள்ளே குடியிருக்கும் ஒரு நுண்ணுயிர்.

"அந்த நுண்ணுயிர் பாசிக்கு என்ன கொடுக்குது மேடம்?"

"பன்னிரண்டு வருஷம் கழிச்சுக் கேக்குற கேள்வியா இது? காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சு, பாசிக்கு ஆகிற மாதிரி மாத்திக் கொடுக்குது. நடுக்கடல்ல வேற யார் கொடுப்பா?"

"பாசி பதிலுக்கு?"

"வெயில்ல சமைச்ச சர்க்கரை."

"இது தானே சமைச்சுக்காதா?"

"ஒரு காலத்துல சமைச்சிருக்கும். பக்கத்துல ஆள் இருக்குன்னதும் வெளிச்சத்தைப் பிடிக்கிற வித்தை போயிடுச்சு."

"அப்ப, பாசியை விட்டுப் பிரிஞ்சா அது தனியாப் பிழைக்குமா?"

பூரணி மைக்ராஸ்கோப் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நேத்து எடுத்த தண்ணியை வை. பார்த்துச் சொல்றேன்."

எப்போதும் கண்ணாடித் தகட்டை லென்ஸுக்கு அடியில் வைத்துவிட்டு, கடைசியாகத்தான் அமலி விளக்கைப் போடுவாள். சுவிட்ச் சத்தம் கேட்டதும் "என்ன தெரியுது?" என்பார் பூரணி. அன்றைக்கு ஏதோ நினைப்பில் சுவிட்சை முதலில் தட்டிவிட்டாள். தகடு கையிலேயே இருந்தது.

பூரணி எதுவும் கேட்கவில்லை. எழுந்து வந்து, தானே குனிந்து கண்ணை வைத்தார். லென்ஸுக்கு அடியில் வெறும் வெளிச்சம். அதையே வெகுநேரம் பார்த்தார்.

"ம். பாசியை விட்டுத் தள்ளி நாலு நிக்குது. ஒரு வாட்டமும் இல்ல. நல்லாத்தான் இருக்கு."

தகட்டுத் தண்ணீர் அமலியின் விரலில் வழிந்தது. வைக்கவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை.

"மேடம்..."

"என்ன மேடம்? கோவாக்காரன் உனக்காகக் கடையைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பானா? வர்றேன்னு எழுதிப் போடு."

அமலி நகரவில்லை.

பூரணி குனிந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"என் கண்ணால பார்த்துத்தான் சொல்றேன். போ."