ஒரு சிட்டிகைச் சேறு

“இதை உடைச்சிடலாங்களா டீச்சர்?”

சிவப்பிரகாசம் அட்டைப்பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததை மேசைமேல் வைத்தார்.

உள்ளங்கை நீளத்தில் ஒரு ராணுவ டாங்கி மாடல். பாதிச் சக்கரம் வரைக்கும் சேற்றில் புதைந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அது உழுதுகொண்டு வந்த தடம் பின்னால் கிடந்தது. தடத்தில் தேங்கிய தண்ணீர், இப்போதுதான் மழை விட்டது போல மினுங்கியது.

ஜெசிந்தா குனிந்து பார்த்தார்.

“நல்லாத்தானே வந்திருக்கு.”

“அதுதாங்க வம்பாப் போச்சு.”

ஜெசிந்தா ஈரோட்டில் கட்டட மாடல்கள் செய்து கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் தருவார். சிவப்பிரகாசம் மருந்துக்கடைக்காரர். வயதில் அவரைவிட மூத்தவர். ஆனாலும் முதல் நாளிலிருந்து டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

“இங்க யாரோ சுரண்டியிருக்காங்க,” என்றார் ஜெசிந்தா. டாங்கியின் பின்புறம், சேற்றில் நகத்தளவுக்கு ஒரு பள்ளம்.

“நான்தானுங்க.”

“எதுக்கு?”

“ஒருத்தருக்குக் கொடுத்தேன்.”

“சேத்தையா?”

சிவப்பிரகாசம் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜெசிந்தா ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உக்காருங்க சார். சொல்லுங்க.”

அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

போன வாரம் மாடல் கண்காட்சி. பள்ளிக்கூட ஹாலில் வரிசையாகக் கப்பல், விமானம், ரயில். இவருடைய டாங்கியைச் சுற்றித்தான் கூட்டம். எழுபத்தோராம் வருஷச் சண்டையில், எல்லையோரத்து ஆற்றங்கரை ஒன்றில் சிக்கிக்கொண்ட டாங்கி என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார்.

யாரோ ஒருவர் கேட்டார், “சேறு அசல் மாதிரியே இருக்குதே, எங்க புடிச்சீங்க?”

“அசலேதானுங்க,” என்றுவிட்டார் சிவப்பிரகாசம். “மிலிட்டரில நமக்கு ஒரு சிநேகிதர் இருக்காரு. அந்த ஆத்தங்கரையிலிருந்தே கொண்டு வந்து கொடுத்தாரு.”

ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. கேட்டவர் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்து வந்தவருக்கும் அதையே சொன்னார். அதற்கடுத்தவருக்குச் சொல்லும்போது, சிநேகிதர் மழையில் நனைந்துகொண்டே மண்ணை அள்ளினார்.

“மழை வேறயா?” என்றார் ஜெசிந்தா.

“ஆமாங்க.”

“அப்புறம்?”

மறுநாள் ஒரு பெண்மணி வந்தார். பெயர் தவமணி. பவானிப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். டாங்கிக்கு எதிரில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

அவருடைய அப்பா டாங்கி ஓட்டியவர். அந்தச் சண்டையில், அந்த ஆற்றங்கரையில் செத்துப்போனார். தவமணி அப்போது அம்மா வயிற்றில் இருந்தார். உடலை அங்கேயே எரித்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு பெல்ட்டும் ஒரு ஜோடி ஷூவும் வந்தன.

“ஒரே ஒரு சிட்டிகை கொடுப்பீங்களாண்ணா?” என்று தவமணி கேட்டார்.

“கொடுத்துட்டீங்க,” என்றார் ஜெசிந்தா.

“முந்தானையை ஏந்திட்டாங்க டீச்சர். நான் என்ன பண்ண?”

ஜெசிந்தா சேற்றிலிருந்த பள்ளத்தை விரலால் தடவினார்.

“வர்ற அமாவாசைக்குப் பவானி கூடுதுறையில, ஆத்துல கரைக்கப் போறாங்களாம். அப்பாவோட தம்பி கோயமுத்தூர்ல இருக்காரு. நடக்கவே முடியாதவரு. அவரு கார் வச்சுட்டு வர்றாராம். நேத்து கடைக்கே வந்து சொல்லிட்டுப் போனாங்க. என் கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.”

சிவப்பிரகாசம் தன் வலது கையை ஏதோ பட்டுவிட்டதைப் போலப் பார்த்தார்.

“இதைக் கண்ணால பாக்க முடியல. உடைச்சுத் தூரப் போட்டுடறேன்.”

ஜெசிந்தா எழுந்து போய் ஒரு காலிக் கிண்ணத்தைக் கொண்டு வந்தார்.

“சேறு செய்யுங்க.”

“இப்பவா டீச்சர்?”

“செய்யுங்க.”

சிவப்பிரகாசம் அலமாரியைத் திறந்தார். ஒரு பொட்டலத்திலிருந்து வெள்ளை மாவைக் கிண்ணத்தில் கொட்டினார்.

“என்ன அது?”

“உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“வாயைத் திறந்து சொல்லுங்க.”

“செவுத்துக்குப் பூசற பட்டி.”

“இது?”

“பசை.”

“இது?”

“டீத்தூளுங்க. வடிகட்டுனது.”

“இது?”

“தேங்காநார் நறுக்குனது. புல்லு வேருக்கு.”

பழுப்புச் சாயம் கலந்தார். கிளறினார். ஜெசிந்தா ஒரு பலகைத் துண்டை நகர்த்தி வைத்தார். அவர் குழைத்ததை அதில் பரப்பி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் குத்திக் குத்தி மேடுபள்ளம் ஆக்கினார். மேலே வார்னிஷ் விட்டார். பலகையில் ஓர் ஈரமான கரை உருவானது.

ஜெசிந்தா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இது பொய்யா?”

“இல்லீங்க. சும்மா சேறு.”

“அது?”

“பொய்.”

“ரெண்டுலயும் போட்டது ஒண்ணுதானே?”

“ஆமாங்க.”

“அப்பப் பொய் எதுல இருக்கு?”

சிவப்பிரகாசத்துக்குக் காது மடல் சிவந்தது.

“என் வாயில.”

“டாங்கியை எதுக்கு உடைக்கணும்?”

அவர் மெதுவாக உட்கார்ந்தார். கைகளில் சேறு காய ஆரம்பித்திருந்தது.

“சொன்னா அவங்க ஒடஞ்சு போயிடுவாங்க டீச்சர்,” என்றார். “சொல்லாம விட்டா அவங்களுக்கு நல்லதுதானே? தெரியாம இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நட்டம்?”

ஜெசிந்தா குழாயைத் திறந்துவிட்டார். “கையைக் கழுவுங்க.”

அவர் கழுவிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஜெசிந்தா ஸ்கூட்டரைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

*

தவமணி வீடு ஓட்டு வீடு. அவர்களைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“வாங்கண்ணா, வாங்க. சொல்லியிருந்தா பலகாரம் ஏதாச்சும் பண்ணி வச்சிருப்பேனே.”

சுவரில் சீருடை போட்ட ஓர் இளைஞனின் படம். அப்பாவுக்குத் தவமணியின் மகனாக இருக்கலாம் என்கிற வயது. அதற்குக் கீழே ஒரு குங்குமச் சிமிழ். சிமிழுக்கு முன்னால் விளக்கு எரிந்தது.

“அம்மா போன வருசந்தானுங்க போய்ச் சேர்ந்தாங்க,” என்றார் தவமணி. “இருந்திருந்தா உங்க கால்ல விழுந்திருப்பாங்க.”

சிவப்பிரகாசம் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மிணி,” என்றார் சிவப்பிரகாசம். “அது அந்த ஊரு மண்ணு இல்லீங்க.”

“எது?”

“நான் கொடுத்தது.”

தவமணி யோசித்தார். பிறகு அவர் முகத்தில் இரக்கம் வந்தது.

“அடக் கடவுளே. உங்க சிநேகிதரு ஏமாத்திட்டாருங்களா?”

சிவப்பிரகாசத்தின் வாய் பாதி திறந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். தவமணியே எடுத்துக் கொடுத்த வார்த்தை. அதற்கப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தச் சிநேகிதரைத் திட்டலாம். டீயும் வரும்.

“சிநேகிதருன்னு யாரும் இல்லீங்க,” என்றார்.

தவமணிக்குப் புரியவில்லை.

“நானே செஞ்சதுங்க. செவுத்துப் பட்டி. பசை. டீத்தூளு.”

“டீத்தூளா?”

“வடிகட்டுனதுங்க.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசிங்கமான திருத்தம் என்று அவருக்கு உறைத்தது. தரையைப் பார்த்தார். சாணி மெழுகின மாதிரி பச்சைச் சிமெண்டுத் தரை. நேற்றுத்தான் கழுவி, ஓரமாகக் கோலம் போட்டிருந்தார்கள். விருந்தாளிகள் வரப்போகிற வீடு.

தவமணி படத்தின் பக்கம் போனார். சிமிழைத் தொடவில்லை.

“தெனமும் இந்த மண்ணைத் தொட்டு நெத்தியில வச்சுட்டுத்தான் வேலைக்குப் போனேன்.”

நெற்றியை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

“நீங்க யாருங்க?” என்று ஜெசிந்தாவைக் கேட்டார் தவமணி.

“இவருக்குச் சேறு செய்யச் சொல்லிக் கொடுத்தவ. பாக்கறவங்க நம்பணும்னு சொன்னதும் நான்தான்.”

தவமணி அவரையும் இவரையும் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்தார்.

“போயிட்டு வாங்க,” என்றார்.

*

வெளியே வெயில் அடித்தது. சிவப்பிரகாசம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

“சொல்லிட்டேன் டீச்சர்.”

ஜெசிந்தா ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்திருந்தார். சாவியைப் போடவில்லை.

“பாரம் எறங்கிருச்சா?”

“எறங்கிருச்சுங்க. இப்பத்தான் மூச்சு விட முடியுது.”

“எங்க எறக்கி வச்சீங்க?”

சிவப்பிரகாசம் கைக்குட்டையை மடித்தார். மடித்த கை பாதியில் நின்றது.

திரும்பிப் பார்த்தார். திறந்த ஜன்னலுக்குள் தவமணி தெரிந்தார். கையில் போனை வைத்துக்கொண்டு நின்றார். எண்ணைத் தேடுவார், நிறுத்துவார். மறுபடி தேடுவார். படத்தைப் பார்ப்பார்.

சிவப்பிரகாசம் ஜெசிந்தாவிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே நடந்தார். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

“அமாவாசை அன்னிக்கு எல்லாரும் எத்தனை மணிக்குங்க ஆத்துக்கு வர்றாங்க?”

தவமணி அவரைத் திரும்பிப் பார்த்தார். கண் ஈரமாக இருந்தது. குரலில் ஈரமில்லை.

“எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். அப்பா வந்துட்டாருன்னு சொல்லிட்டேன். இப்ப நான் என்னன்னு சொல்லட்டும்?”

“நீங்க சொல்ல வேண்டாமுங்க.”

தவமணி போனில் ஓர் எண்ணை அழுத்தினார். காதில் வைக்கவில்லை. கையை நீட்டி அவரிடம் கொடுத்தார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. சிவப்பிரகாசம் போனைக் காதில் வைத்தார். யாரும் எடுக்காவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார்.

எடுத்துவிட்டார்கள்.

“கண்ணு தவமணி,” என்றது ஒரு தளர்ந்த குரல். அதில் அவ்வளவு சந்தோஷம். “காருக்குச் சொல்லிட்டேன் சாமி. எங்கண்ணனைக் கொண்டாந்து சேத்துட்டயே தாயி. நான் கண்ணை மூடறதுக்குள்ள கொண்டாந்து சேத்துட்டயே.”

“தவமணி இல்லீங்க ஐயா,” என்றார் சிவப்பிரகாசம். “நான் அந்தச் சேத்தைச் செஞ்சவனுங்க.”