காலியாக இல்லாத சேனல்

“இந்த போர்டு பொய் சொல்லுது மேடம்,” என்றார் நல்லசிவம்.

ஹசீனா திரும்பவில்லை. “போர்டுக்கு வாய் கிடையாதே சார்.”

நல்லசிவத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. ஹசீனாவுக்கு அவரைவிடப் பத்தொன்பது வயது குறைவு. ஓசூரில் இருந்த அந்தச் சிறிய ஆய்வகத்தில் லினக்ஸ் என்றால் எல்லோரும் அவளிடம்தான் போவார்கள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. முதுகுக்குப் பின்னால் சாமியாரம்மா என்று பெயர். பெயரை வைத்தவரே நல்லசிவம்தான்.

அவர் கொண்டுவந்திருந்தது, குறைமாதக் குழந்தைகளின் மூச்சைக் கண்காணிக்கும் கருவியின் சர்க்யூட் போர்டு. அந்தக் கருவிகளில் ஒன்றை ஒரு மருத்துவமனையில் சோதனைக்கு வைத்திருந்தார்கள். இருபது நொடி மூச்சு நின்றால் அது அலற வேண்டும். குழந்தை நன்றாக மூச்சுவிட்டுத் தூங்கும்போதும் அலறியது. ஒரு நாளைக்கு முப்பது தடவை.

இப்போதெல்லாம் அது அலறினால் யாரும் எழுந்து வருவதில்லை என்று வார்டு நர்ஸ் லூர்து மேரி போனில் சொல்லியிருந்தாள். ஒலிபெருக்கியின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் கருவியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றாள்.

அன்று புதன்.

நல்லசிவம் எல்லாவற்றையும் சோதித்துவிட்டார். சென்சார் சரி. ஒயர் சரி. மூச்சின் அளவு நினைவகத்துக்குப் போகும் வழியில்தான் எங்கோ தொலைகிறது. அந்த வழிக்கு டிஎம்ஏ என்று பெயர். பிராசசரைத் தொந்தரவு செய்யாமல், சென்சாரிடம் வாங்கி நேராக நினைவகத்தில் கொண்டுபோய் வைக்கும் சுமைகாரன். அவனுக்கு எட்டுக் கைகள். சேனல் என்பார்கள்.

“டிவைஸ் ட்ரீல என்ன எழுதியிருக்கீங்க?” என்று கேட்டாள் ஹசீனா.

போர்டில் என்னென்ன இருக்கிறது என்று லினக்ஸின் மையமான கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு அது. கெர்னலால் போர்டை எட்டிப் பார்க்க முடியாது. அந்தக் கோப்பில் எழுதியிருப்பதுதான் அதற்கு உலகம்.

“எட்டு சேனல்னு எழுதியிருக்கேன். சிப்புல இருக்கறதும் எட்டு. தப்பில்லையே?”

“தப்பில்ல.”

அவர் காத்திருந்தார். அவள் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தெட்டு வருடம் சின்னச் சின்ன சிப்புகளில் ஒவ்வொரு பைட்டையும் தானே நகர்த்தியவர் அவர். இடையில் யாரும் இருந்ததில்லை. தனக்குத் தெரிந்ததை யாருக்கும் சொல்லிவைக்க வேண்டியிருந்ததில்லை. இந்த டிஎம்ஏ எல்லாம் தனக்கு ஒத்துவராது, பழைய மாதிரியே எழுதிவிடுகிறேன், அதற்கும் நேரமில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றார். கடைசி வார்த்தை சரியாகக் கேட்கவில்லை.

ஹசீனா எழுந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“சாப்பிடற இடத்துல என்ன இருக்குன்னு சொல்லுங்க சார்.”

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தார். ஆனாலும் சொன்னார்.

“ஒரு மேசை. நேரா ஆறடி. இந்தப் பக்கம் ரெண்டு நாற்காலி, அந்தப் பக்கம் ரெண்டு.”

அவள் நடந்தாள். கையை நீட்டி மேசை விளிம்பைத் தொட்டாள். முதல் நாற்காலியின் முதுகைப் பிடித்து, சுற்றி வந்து, தயங்காமல் உட்கார்ந்தாள்.

அந்த நாற்காலியில் சால்டரிங் செய்யும் செங்கமலம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

டிபன் பாக்ஸ் தரையில் உருண்டது. மாவடு மேசைக்கு அடியில் போனது.

“மடி வேணும்னா கேட்டிருக்கலாமே மேடம்,” என்றாள் செங்கமலம்.

ஹசீனா கண்ணைத் திறக்கவில்லை. துப்பட்டாவில் தயிர் வழிந்தது.

“இவங்களைச் சொல்லலையே சார்.”

“நாற்காலி நாலுதானே மேடம். ஆள் இருக்கறது பார்த்தாலே தெரி…”

நல்லசிவம் நிறுத்திக்கொண்டார்.

தன் மேசைக்குப் போய் சிப்பின் மேனுவலைப் புரட்டினார். பக்கம் கிடைக்க நேரமாகவில்லை. முதல் வாரத்திலேயே அவரே அங்கே பென்சிலால் கோடு போட்டிருந்தார். எட்டு சேனல்களில் கடைசி இரண்டும், அதே சிப்பில் உட்கார்ந்து குழந்தையின் படுக்கையைச் சூடாக வைத்திருக்கும் இன்னொரு சின்ன பிராசசரின் வசம் இருக்கின்றன. அது அவருக்குத் தெரியும். கெர்னலுக்கு யாரும் சொல்லவில்லை. எட்டும் காலி என்று நம்பி, ஏற்கெனவே சுமை இருந்த கையிலும் அவ்வப்போது அது மூச்சை ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த அளவு தொலைந்தபோதெல்லாம் மூச்சு நின்றுவிட்டதென்று கருவி அலறியது.

எட்டு என்பதை அவர் மாற்றவில்லை. அதன் கீழே ஒரு வரி சேர்த்தார். எந்தெந்த சேனல் நம்முடையது என்று சொல்லும் வரி.

செங்கமலம் அன்று அவருடைய சாப்பாட்டைச் சாப்பிட்டாள். புளி கொஞ்சம் தூக்கல் என்றாள்.

வியாழக்கிழமை காலை மருத்துவமனைக்குப் போய்ப் புதிய கோப்பை ஏற்றி, ஒலிபெருக்கியின் பிளாஸ்திரியையும் பிரித்துவிட்டு வந்தார். அன்று முழுவதும் கருவி அலறவில்லை. அதுவும் அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. வாயே திறக்காத கருவியை எப்படி நம்புவது என்று ஹசீனாவிடம் கேட்டார். அவள் தெரியவில்லை என்றாள். அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு லூர்து மேரியிடமிருந்து போன் வந்தது. நல்லசிவம் நின்றுகொண்டே கேட்டார். பிறகு போனை வைக்காமல், கையில் பிடித்தபடியே ஹசீனாவின் மேசைக்கு வந்தார்.

“அடிச்சுதாம்,” என்றார். “இந்தத் தடவை மூச்சு நெஜமாவே நின்னிருந்துச்சாம்.”

ஹசீனா எழுந்துவிட்டாள். “யாராவது வந்தாங்களா சார்?”

அவர் போனை அவள் காதருகே நீட்டினார்.

மறுமுனையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.